கயிற்றின் கோபம்

"வாப்பா, இந்த றப்பருக்கு ஏன் என்னில கோபம்?"

இன்ஸ்பெக்டர் அகீலின் மகள் லைலா ஏழு வயதில் கேட்ட கேள்வி அது. விரல்களில் மாட்டி இழுத்த றப்பர் வளையம் அறுந்து அவளது புறங்கையில் சுரீரென்று அடித்திருந்தது.

"கோபம் றப்பருக்கு இல்ல மகள். நீ இழுத்த பலத்த அது உள்ளுக்குள்ள சேர்த்து வச்சிருந்திச்சு. அறுந்ததும் திருப்பித் தந்திட்டு."

"இழுக்காமலே அறுந்தா?"

"சும்மா கீழ விழும். தாறதுக்கு அதுட்ட என்ன இருக்கு?"

ஆறு வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பகலில்தான் அவருக்கு அந்தக் கேள்வி மறுபடியும் ஞாபகம் வந்தது.

பிற்பகல் 1.35.

திருகோணமலை உள்துறைமுகக் கரையில் ஸெய்னுதீன் ஹாஜியாரின் படகுப் பட்டறை. கடலுக்குள் இறங்கும் சரிவில் இரண்டு தண்டவாளங்கள். அவற்றின்மேல் ஓர் இரும்பு ட்ரொலி. ட்ரொலியில் பன்னிரண்டு தொன் எடையுள்ள பலநாள் மீன்பிடிப் படகு. சில்லுகளுக்குப் பின்னால் பாலை மரத்து ஆப்புகள்.

தண்டவாளத்தின் ஓரம் பட்டறை மேற்பார்வையாளர் இராஜநாயகம் கிடந்தார். இடது பக்க மண்டை நெற்றிப்பொட்டிலிருந்து காது வரை உள்ளே அமிழ்ந்திருந்தது. இரத்தம் கற்களுக்கிடையே கோடாக இறங்கிக் கருத்திருந்தது. பக்கத்தில் பெருவிரல் பருமனில் ஒரு நீல நைலோன் கயிற்றின் முனை, இரத்தத்தில் தோய்ந்தபடி. படகை மேலே இழுக்கும் வின்ச் கயிறு.

பத்து அடி தள்ளி இன்னொருவரின் இரத்தமும் சிந்திக்கொண்டிருந்தது. வின்ச் ஓட்டும் இராசையாவை நிலத்தில் போட்டு நாலைந்து பேர் மிதித்தார்கள். இறந்தவரின் மைத்துனன் றிக்சன் துடுப்பை ஓங்கினான். அது இறங்கியபோது காய்ந்த கொப்பு முறிவதுபோல் சத்தம் கேட்டது.

"விடடா," என்று கத்திக்கொண்டு கான்ஸ்டபிள் றிப்தி பாய்ந்து துடுப்பைப் பிடுங்கினார்.

"என்ட அக்காவ விதவையாக்கிப் போட்டான் சேர். கயிற விறைக்க விட்டிட்டுத் தின்னப் போயிருக்கிறான். நான் இவனை விடமாட்டன்."

இராசையாவின் வலது கை முழங்கைக்குக் கீழே தவறான திசையில் தொங்கியது. வாயில் இரத்தம். அவர் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் கயிற இளக்கிப் போட்டுத்தான் போனனான்."

அகீல் அவரருகே குந்தினார். தன் கைக்குட்டையால் அந்த வாயைத் துடைத்துவிட்டுத்தான் முதல் கேள்வியைக் கேட்டார்.

"எத்தனை மணிக்கு அண்ணை?"

"பன்னிரண்டு இருபது. ஆக்கள் ஜும்ஆத் தொழுகைக்கு வெளிக்கிட்ட கையோட."

"ஏன் இளக்கினீங்கள்?"

"ஒவ்வொரு வெள்ளியும் அப்பிடித்தான். படகின்ர பாரத்தை ஆப்பில இருத்திப்போட்டுக் கயிறத் தளர விடுவன். அதுவும் கிழமை முழுக்க மாடா உழைக்குது. ஒரு மணித்தியாலம் ஆறட்டும் எண்டுதான்."

"கண்ட சாட்சி?"

"இராஜநாயகம்தான் போட்டுக்குள்ள நிண்டவர்."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கசப்பாகச் சிரித்தார்கள். அறுந்து கிடக்கும் கயிறு முன்னர் விறைத்திருந்ததா, தளர்ந்திருந்ததா என்று யார் சொல்ல முடியும்? கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர் என்று இராசையா சிறைக்குப் போவார். அங்கிருந்த எல்லோருக்கும் அது நிச்சயமாகத் தெரிந்தது. பெரும்பாலானோருக்கு அதில் திருப்தியும் இருந்தது.

1.50.

களஞ்சியப் பொறுப்பாளர் தவராசா பட்டறைக்கு வந்து மூன்று மாதம்தான். சட்டையில் ஒரு சுருக்கமில்லை. தலை ஈரமாக வாரப்பட்டிருந்தது.

"கண்ணால கண்டீங்களா?"

"ஓம் சேர். ஸ்டோர் ஜன்னலால. பன்னிரண்டு ஐம்பது இருக்கும். கயிறு தந்தி மாதிரி விறைச்சு நிண்டது. துவக்கு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். போட் பின்னுக்கு இறங்கி ஆப்பில மோதி ஒரு குலுக்குக் குலுங்கினது. நிலமே அதிர்ந்தது சேர். அறுந்த கயிறு பாம்பு மாதிரி வந்து அவர்ர தலையில அடிச்சது."

"ஓடிப்போய்ப் பார்க்கேல்லையா?"

"எனக்கு இரத்தம் பார்க்க ஏலாது. ஆக்கள் வருமட்டும் கதிரையிலயே இருந்திட்டன்."

"பாவம்," என்றார் அகீல்.

1.58.

வாசலில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஸல்ஹா முந்தானையை வாயில் பொத்தியபடி நின்றாள்.

"ராத்தா, கடைசியா அவரை எப்பக் கண்டீங்க?"

"காணல்ல சேர். பன்னிரண்டே முக்காலுக்குக் கிட்டத் தேத்தண்ணி கொண்டு போனன். போட்டுக்குள்ள இருந்து குரல்தான் வந்திச்சு. 'வை ராத்தா, வாறன்' எண்டார். ட்ரொலிச் சட்டத்தில வச்சிட்டு வந்தன்."

"தினமும் குடுக்கிறதா?"

"தினமும். பெற்றோல் தட்டுப்பாட்டில லைன்ல நிண்ட காலத்தில என்ட மகனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிட்டு. இந்த மனிசன் மூணு நாள் நிண்டு எடுத்த பெற்றோல ஆஸ்பத்திரிக்குப் போக அப்பிடியே ஓட்டோவுக்கு ஊத்தினார். இண்டைக்கு என்ட புள்ள உசிரோட இருக்கான். அண்டையில இருந்து அவருக்கு மட்டும் கிளாஸ் விளிம்பு முட்ட ஊத்துவன். சிந்தாமக் கொண்டு போய் வைப்பன். வேற என்னத்தக் குடுக்க எனக்கு ஏலும்?"

"பிறகு ஏதும் சத்தம் கேட்டதா?"

"இரும்பு வெட்டுற கிரைண்டர் கொஞ்ச நேரம் கத்திச்சு. ஜும்ஆ நேரத்திலயும் வேலையா எண்டு நினைச்சன். வேற ஒண்டும் கேக்கல்ல."

2.10.

அகீல் கயிற்று முனையைக் குனிந்து பார்த்தார். இழைகள் எல்லாம் ஒரே கோட்டில் உருகி, மெழுகுபோல் இறுகியிருந்தன.

றிப்தி இறந்தவரின் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு போத்தலை எடுத்தார். "இருமல் மருந்து சேர்."

அகீல் அதைக் குலுக்கினார். கலங்கியது. கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீர், மேலே மஞ்சள் எண்ணெய் என்று பிரிந்து நின்றது. மூடியைத் திறந்து மணந்தார். டீசல்.

"ஹாஜியார், போட்டுகளின்ர டீசல் தாங்கிப் பூட்டுத் திறப்பு ஆரிட்ட இருக்கும்?"

"ஸ்டோர் தம்பிட்டத்தான்," என்றார் ஸெய்னுதீன். "இண்டைக்குக் காலையில இராஜநாயகம் கேட்டு வாங்கினார். ஏனெண்டு சொல்லல்ல."

"போன மாசம் மூதூர்ச் சகோதரங்கள் ரெண்டு பேர் வெளிக்கடல்ல எஞ்சின் நிண்டு, குடிக்கத் தண்ணியில்லாம மௌத்தானாங்களே, அந்தப் போட் எங்க திருத்தினது?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். "இங்கதான்."

அகீல் ட்ரொலியை ஒருமுறை சுற்றி நடந்தார். மறுபக்கச் சட்டத்தில், ஒரு முழ அகல இரும்பில், அந்தக் கிளாஸ் இருந்தது. தேநீர் ஆறிப் போயிருந்தது. மேலே பாலாடை படர்ந்து, விளிம்போடு விளிம்பாய், ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. ஓர் எறும்பு விளிம்பைச் சுற்றி வந்தது. இரும்பில் ஒரு துளி ஈரமில்லை.

அவர் குனிந்து கிளாஸின் விளிம்பைப் பார்த்தார். பிறகு றிப்தியைக் கூப்பிட்டுக் காதுக்குள் ஏதோ சொன்னார்.

2.40.

எல்லோரும் ட்ரொலியைச் சுற்றி நின்றார்கள். ஸல்ஹா முன்னால். தவராசா ஒரு கை இடுப்பில் வைத்தபடி. இராசையா ஒரு பெட்டியில் சாய்ந்திருந்தார். அம்புலன்ஸ் இன்னும் வரவில்லை.

"படம் எடுத்தாச்சா?" என்று அகீல் கேட்டார்.

"ஓம் சேர்."

"றிக்சன், அந்தத் துடுப்பால இந்தச் சட்டத்தில ஒரு தட்டுத் தட்டும். மெல்ல."

றிக்சன் முறைத்தான். பிறகு தட்டினான். பாலாடை கிழிந்தது. தேநீர் விளிம்பைத் தாண்டி வழிந்து இரும்பில் இறங்கியது.



"ஒரு ஆள் துடுப்பால தட்டினதுக்கே சிந்துது," என்றார் அகீல். "பன்னிரண்டு தொன் போட் ஆப்பில மோதி நிலம் அதிர்ந்திருந்தா, இந்தக் கிளாஸ் இருந்த இடத்திலயே இருந்திருக்காது. பன்னிரண்டே முக்காலுக்கு ராத்தா வச்ச தேத்தண்ணி, ஆடை படர்ந்து, அப்பிடியே இருந்தது. அப்ப போட் ஒரு நூல்கூட அசையேல்ல. ஏன் அசையேல்ல? அதின்ர பாரம் முழுக்க ஏற்கெனவே ஆப்பில இருந்தது. கயிறு தளர்ந்து கிடந்தது. இராசையா அண்ணை சொன்னது சத்தியம்."

இராசையா கண்களை மூடிக்கொண்டார்.

"விறைச்ச கயிறுதான் பலத்தச் சேர்த்து வச்சிருக்கும். அறுந்தா அந்தப் பலம் ஆளைக் கொல்லும். தளர்ந்த கயிறு அறுந்தா சும்மா விழும். ஈயைக்கூடக் கொல்ல அதால ஏலாது. இராஜநாயகத்தைக் கொன்ற பலம் கயிற்றில இருந்து வரேல்ல. ஒரு மனிசன்ர தோளில இருந்து வந்தது."

றிப்தி நீண்ட இரும்பு அலவாங்கு ஒன்றைக் காலடியில் வைத்துவிட்டு, ஒரு கிரைண்டரைத் தூக்கிப் பிடித்தார். அதன் தட்டில் நீல நைலோன் உருகி ஒட்டியிருந்தது.

"ஸ்டோர் அலுமாரிக்குப் பின்னால இருந்தது சேர். இந்த அலவாங்கும் அங்கதான் இருந்தது. கழுவியிருக்கு, ஆனா நுனியில இன்னும் தலைமயிர் ஒட்டியிருக்கு."

"வாசலில நிண்ட ராத்தாவுக்குக் கயிற அறுத்த கிரைண்டர் கேட்டது. துவக்குச் சத்தம் கேட்கேல்ல," என்று அகீல் தவராசாவின் பக்கம் திரும்பினார். "நடக்காத ஒண்டை நீர் ஒராள்தான் கண்டிருக்கிறீர். திருத்த வந்த போட்டுகளில டீசலை உறிஞ்சிப்போட்டுத் தண்ணி ஊத்தினீர். ரெண்டு பேர் கடல்ல காய்ஞ்சு செத்தாங்கள். இராஜநாயகம் அதைப் போத்தலில பிடிச்சார். தேத்தண்ணி குடிக்க இறங்கின மனிசனை—"

தவராசா அதற்குமேல் கேட்கவில்லை. றிப்தியின் காலடியில் கிடந்த அலவாங்கை எட்டி எடுத்தான். முதல் வீச்சு றிப்தியின் தோளில் இறங்கியது. இரண்டாவது ஸல்ஹாவின் தலைக்கு.

"உன்ர ஒரு கிளாஸ் தேத்தண்ணியால," என்று உறுமினான்.

இடையில் றிக்சன் பாய்ந்தான். இரும்பு அவன் விலாவில் மோதியது. விலா உடைந்தும் அவன் நிற்கவில்லை. தவராசாவைக் கீழே தள்ளி, கிடந்த நீலக் கயிற்றை அவன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்தான். தவராசாவின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. நாக்கு வெளியே வந்தது. குதிகால்கள் கற்களில் அடித்தன. அகீல் ஒரு பக்கமும் ஹாஜியார் மறுபக்கமும் இழுத்தும் அந்தக் கைகள் பிரியவில்லை.

இராசையா பெட்டியைப் பிடித்து எழும்பினார். முறிந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நொண்டி வந்தார். தன் கையை முறித்தவனின் முதுகில் இடது கையை வைத்தார்.

"தம்பி, இளக்கு."

றிக்சன் மூச்சு வாங்கினான்.

"அக்காவுக்கு நீயும் இல்லாமப் போகக் கூடாது. இளக்கு ராசா."

கயிறு தளர்ந்தது. தவராசா இருமிக்கொண்டு மூச்சை இழுத்தான். அகீல் விலங்கை மாட்டினார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் அவர் இராசையாவின் வாக்குமூலத்தை எழுதினார். கடைசியாகக் கேட்டார்.

"கை முறிஞ்சதுக்கு முறைப்பாடு எழுதட்டா அண்ணை?"

"வேண்டாம் சேர். அவன் செத்த வீட்டில நிக்கிறான். அங்க சவப்பெட்டி தூக்க ஒரு தோள் வேணும்."

அகீல் பேனாவை மூடினார். மனிதர்கள் கோபத்தைச் சேர்த்து வைப்பது அவருக்குத் தெரியும். இந்த மன்னிப்பையும் எங்கோ சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதற்காக அன்றிரவுத் தொழுகையில் இறைவனைப் புகழ்ந்தார்.

மூன்று வாரம் சென்றது. பாலையூற்றில் இராசையாவின் வீட்டுக் குசினியில் இன்னும் விறகடுப்புத்தான். கை மாவுக்கட்டில். கோடரி சுவரில் சாய்ந்தபடி கிடந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்கு உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. மணி அடிக்கவில்லை. றிக்சன் இறங்கி, விலாவைச் சுற்றிய கட்டுத்துணியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பின் கரியலில் கட்டியிருந்த விறகைக் குசினிச் சுவரோரம் ஒவ்வொன்றாக அடுக்கினான். சத்தம் கேட்காதபடி. துடுப்பை ஓங்கிய அதே கையால். தெருநாய் ஒன்று வந்து மணந்துவிட்டுப் போய்ப் படுத்தது.

அடுக்கி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து இரண்டு சிறு மரத்துண்டுகளை எடுத்தான். ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருந்தான். விறகு உருளாமல் இருக்க, அடியில் இருபுறமும் ஆப்பாக வைத்தான்.

உள்ளே விளக்கு எரிவதற்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவுக்கு ஏறினான்.