சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை

பிடுங்கிப் பத்து நிமிஷம் ஆகியும் ஃபியூஸ் கட்டை சூடு ஆறவில்லை. சேவியரின் சட்டைப் பைக்குள் கிடந்த அந்தப் பீங்கான் துண்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி மார்பைச் சுட்டது. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கரியில்லை, கம்பி உருகவில்லை. குளியலறையின் ஒற்றை பல்பைத் தவிர நாலு நாளாக அது வேறெதற்கும் கரண்ட் கொடுக்கவில்லை. ஒரு பல்புக்கா இந்தச் சூடு என்று முனகிவிட்டு, மறுபடி பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினான்.

வயர்மேன் தொழிலில் இது சட்டம் மாதிரி. கட்டையைப் பிடுங்கி போர்டு மேலேயே வைத்துவிட்டுப் போனால், விவரம் தெரியாத யாராவது அக்கறையாக எடுத்துச் சொருகிவிடுவார்கள். அதனால் எந்த லைனில் கை வைத்தாலும் அதன் கட்டை, வேலை செய்கிறவனின் சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும். அதை ஒரு நாளும் மறக்காதவன் அய்யனார், சேவியரோடு பத்து வருஷம் ஜோடியாக வேலை பார்த்த சிநேகிதன். போன ஐப்பசியில், இதே குளியலறையில், இதே கீசரடியில்தான் செத்தான்.

இனி இந்த வீட்டை மிதிப்பதில்லை என்றுதான் சேவியர் இருந்தான். கிருமாம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, கரும்புக்கு நடுவில் தனியாக நிற்கும் வீடு. வீட்டுக்காரர் சுப்பராயலு காலையில் போன் பண்ணி, நாலு நாளாகக் கீசருக்குக் கரண்ட் வரவில்லை, மகள் புவனேஸ்வரி பிரசவமாகி வந்திருக்கிறாள், பச்சைப்பிள்ளைக்கு வெந்நீர் வேண்டும் என்றார். வேறு ஆளைக் கூப்பிடுங்களேன் ஐயா என்று இழுத்தான் சேவியர். சுப்பராயலு குரலைத் தாழ்த்தினார்.

"வேற ஆளு வந்தா பரண் மேல கைய வுடுவான்டா. பரவாயில்லியா?"

சேவியர் டூல் பையைத் தூக்கினான். கிளம்பி வந்துவிட்டான்.

வந்தபோது சுப்பராயலு வீட்டில் இல்லை. வராந்தாவில் கரும்புக் கொல்லை மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டிருந்தது. காயில் கம்பி கருகிவிட்டது, வைண்டிங் கடைக்கு ஏற்றிப்போக அப்பா வண்டி பார்க்கப் போயிருக்கிறார் என்றாள் புவனேஸ்வரி. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் அவள் இன்னொன்றும் சொன்னாள். கீசர் சுவிட்சு போட்டால் ஒன்றும் வருவதில்லை, ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் அதன் சிவப்பு விளக்கு தானாக எரிகிறதாம்.

சேவியர் நேரே கூடத்துப் போர்டுக்குப் போய்க் கட்டையைப் பிடுங்கினான்.

நாலு மணி என்பது கொல்லை மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் விடும் நேரம். அது விவசாயத்துக்கான இலவசக் கரண்ட். போன வருஷம் சுப்பராயலு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு ஒயரைக் கூரை வழியாகக் கொண்டுவந்து கீசருக்குக் கொடுக்கச் சொன்னார். வெந்நீரும் இலவசமாகட்டும் என்றொரு பேராசை. பெரிய மனுஷன் தோளில் கை போட்டுச் சொன்னதில் குளிர்ந்துபோய் சேவியரும் இழுத்துக் கொடுத்தான். அய்யனாரிடம் மூச்சு விடவில்லை.

பிறகு ஒருநாள் கீசர் ரிப்பேர் என்று இருவரும் வந்தார்கள். அய்யனார் கட்டையைப் பிடுங்கினான், பல்பு அணைந்தது, டெஸ்டர் வைத்தான், எரியவில்லை. கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கீசரைத் திறந்தான். மணி மூன்றே முக்கால். நாலுக்கு அந்த ஒயரில் என்ன வரும் என்று சேவியருக்குத் தெரியும். இப்போது சொன்னால் திட்டுவானே, அதற்குள் முடித்துவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டு நின்றான். சேவியர் கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. ஊரில் பாதிக் கொலையைப் பயந்தாங்கொள்ளிகள்தான் செய்கிறார்கள்.

நாலு மணிக்கு அய்யனாரின் முதுகு வில்லாக வளைந்தது. பல்லுக்கிடையில் நாக்கு அறுபட்டு ரத்தம் மோவாயில் வழிய, குதிகால்கள் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டன. உள்ளங்கை தீய்ந்து குழாயோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே மர ஸ்டூல் இருந்தது. அதை எடுத்து ஓங்கி ஒரு அடி கொடுத்திருந்தால் கை விட்டிருக்கும். சேவியர் சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் அடங்கிய பிறகு சுப்பராயலு எட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஒயரை வெட்டச் சொன்னார். சேவியர் கொட்டகையில் லைனை நிறுத்திவிட்டு வந்து, வெட்டிப் பரணில் சுருட்டிப் போட்டான். பிறகு செத்தவனின் பைப் பொத்தானைக் கழற்றிக் கட்டையை எடுத்தான். பொத்தானைத் திரும்ப மாட்டினான். கட்டையைக் கொண்டுபோய் போர்டில் சொருகினான். அவ்வளவுதான், குற்றம் செத்தவன் தலைக்குப் போய்விட்டது.

அய்யனாரின் பெண்டாட்டி அம்சவள்ளி, சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீ கூட இருந்தியே அண்ணா, கட்டைய எட்த்தானா இல்லியா?"

சேவியர் இல்லை என்று தலையாட்டினான்.

இப்போது குளியலறையில் அவன் மட்டும். வெளியே மழை விடாமல் கொட்டியது, சன்னல் வழியாக வந்த வெளிச்சம் கழுநீர் நிறத்தில் இருந்தது. கீசரின் மேல் கை வைத்தான். சூடு. நாலு நாளாகக் கரண்ட் இல்லாத கீசர் ஜுரக்காரன் உடம்பு போலக் கொதித்தது. குழாயைத் திருகினான். வெந்நீர் புகையோடு விழுந்தது, அதோடு ஒரு வாடையும் வந்தது. முடி பொசுங்கும் வாடை, அதற்குள்ளே கறி தீய்கிற வாடை. அந்த வாடையை அவன் ஒருமுறைதான் முகர்ந்திருக்கிறான், வருஷம் முழுக்க மூக்கை விட்டுப் போகவில்லை.

போனில் மணி பார்த்தான். மூன்று முப்பத்தைந்து. நாலுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, செல் வெளிச்சத்தைப் பரணுக்குள் அடித்தான். வெட்டிச் சுருட்டிப் போட்ட ஒயர் சுருளாக இல்லை. நேராக இழுக்கப்பட்டு, கீசருக்குப் போகும் ஒயரோடு சேர்த்து முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் கடைசி நுனி சின்னக் காது போல மடித்துவிடப்பட்டிருந்தது. அடுத்து வருகிறவன் உரிக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று அப்படி மடித்துவிடுகிற வயர்மேன் இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒருவன்தான் இருந்தான்.

டேப் புதுசு.

ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. அதற்குள் கதவுக்கு வெளியே புவனேஸ்வரியின் குரல். முடியவில்லையென்றால் சொல்லுங்கள் அண்ணா, பாகூரிலிருந்து வேறு ஆளை வரச் சொல்கிறேன் என்றாள். வேறு ஆள் வந்தால் பரணைப் பார்ப்பான். பார்த்தால் ஊர் கேட்கும். அம்சவள்ளி கேட்பாள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும், ஆனால் யார்தான் தானாகப் போய்க் குடிக்கிறார்கள்?

"இதோ ஆச்சும்மா. அஞ்சு நிமிஷம்" என்றான்.

டெஸ்டர் வைத்தான். எரியவில்லை. நாலடிக்க நேரம் இருக்கிறது. வெட்டிவிட்டால் போதும். மோட்டார் கொட்டகை வரை போய் லைனை நிறுத்திவிட்டு வரலாம். ஆனால் கரும்புக்குள், மழையில், தனியாகப் போகவேண்டும். மாட்டேன் என்றது மனசு. கட்டிங் பிளேயரை எடுத்தான். அதன் கைப்பிடி உறை எப்போதோ கிழிந்து போயிருந்தது. ஸ்டூல் ஆடியது. சாயாமலிருக்க இடது கையால் கீசரின் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டான். ஒயரைப் பிளேயரின் பல்லுக்குள் கொடுத்தான்.

கரும்புக்குள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

ஊம்ம்ம் என்று எழும்பி, பிறகு தொட்டியில் தண்ணீர் தபதபவென்று விழும் சத்தம். அவன் தாண்டி வந்த அந்த மோட்டார். வராந்தாவில் காயில் கம்பி கருகிக் கிடக்கும் மோட்டார்.

கையை எடு.

எடுக்க முடியவில்லை. விரல்கள் அவனுடையவையாக இல்லை. வலது கையிலிருந்து நெஞ்சு வழியாக இடது கைக்கு ஆயிரம் ரம்பம் அறுத்துக்கொண்டு போனது. பல் கிட்டித்தது. நாக்கு நடுவில் மாட்டியது. வாய் நிறைய உப்பு. உள்ளங்கை சொய்யென்றது. குதிகால்கள் ஸ்டூலை உதைத்துத் தள்ள, குழாயில் தொங்கினான். கண் மட்டும் விழித்திருந்தது.

சட்டைப் பையில் ஏதோ ஊர்ந்தது.

ஒரு கை. விரல் நுனிகள் கரிந்த கை. உள்ளங்கையில் சதை இல்லை, குழாயின் அச்சு மட்டும் இருந்தது. அது அவசரப்படவில்லை. பொத்தானைக் கழற்றியது. கட்டையை எடுத்தது. பொத்தானைத் திரும்ப மாட்டியது.

ஈரக்காலடிகள் கூடத்தைத் தாண்டிப் போயின. போர்டுப் பக்கம்.

டக்.

தலைக்கு மேல் பல்பு எரிந்தது.

வெளிச்சம் பார்த்து, கரண்ட் வந்துவிட்டதா அண்ணா என்று சிரித்தபடி கதவைத் தள்ளிய புவனேஸ்வரி, வாசற்படியிலேயே நின்றாள். குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவள் தலை மெதுவாகக் கூடத்துப் போர்டின் பக்கம் திரும்பியது.

"ஐயோ, கட்டைய எடுக்காமயே கைய வெச்சிட்டாரே."

எடுத்தேன். எடுத்தேன் அம்மா. அவன் வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது.

அவள் தோளுக்குப் பின்னால், போர்டை ஒட்டி, ஈரச்சட்டையோடு அய்யனார் நின்றிருந்தான். சேவியரின் கண்ணைப் பார்த்தான். இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினான்.