கழுத்தில் தொங்கிய மஞ்சள் அட்டை

பேராசிரியர் பிளாகோயா நூலகத் தரையில் குப்புறக் கிடந்தார்.

பின்னந்தலையில் ரத்தம்.

சுற்றி நின்ற பன்னிரண்டு பேரில் பதினோரு பேர்... கைதட்டினார்கள்!

"மனுஷன் பின்றாரு," என்றான் அர்தியான், டெட்டோவோவிலிருந்து வந்திருந்த வக்கீல். "மூச்சு விடுறதே தெரியல பாருங்க."

தப்பு அவர்கள் மேல் இல்லை. ஓஹ்ரிட் ஏரிக்கரையில் இருந்த அந்த நிலையம், உலகத்தின் சண்டை நடக்கும் மூலைகளுக்கு அமைதிப் பணிக்குப் போகிறவர்களைத் தயார் செய்கிற இடம். இன்று கடைசித் தேர்வு. இல்லாத இரண்டு நாடுகள், இல்லாத ஒரு போர். அதைப் பேசிப் பேசியே நிறுத்த வேண்டும். நடுவில் யாராவது அடிபட்டு விழுவார்கள். எல்லாம் நடிப்பு. விழுந்தவர் கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்கும்.

பேராசிரியர் கழுத்திலும் தொங்கியது.

'தலையில் காயம். அசைக்க வேண்டாம்.'

டெஸ்பினா மட்டும் கைதட்டவில்லை. பிட்டோலாவில் போலீஸ் இன்ஸ்பெக்டர். பதினைந்து வருஷமாக விபத்துகளைப் பார்த்தவள். மண்டியிட்டு, ரத்தத்தை விரலில் தொட்டு, மோந்து பார்த்தாள்.

"அர்தியான்... இது சாயம் இல்லப்பா."

"அக்கா, சும்மா பயமுறுத்தாதீங்க."

நாடி பார்த்தாள். இருந்தது. நூலாக.

"என்ன கூட்டம் இங்க?"

வாசலில் துணை இயக்குநர் ரிஸ்டோ. கையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் பூரெக், அந்த ஊர் இறைச்சிப் பஃப்.

"சார், பேராசிரியருக்கு நிஜமாவே அடிபட்டிருக்கு. ஆம்புலன்ஸ் கூப்பிடணும்."

ரிஸ்டோ சிரித்தார். "காலைல காபி குடிக்கும்போதே சொன்னாரு. நானே அட்டையை மாட்டிக்கிட்டு விழப்போறேன், ஒரு மணி நேரம் யாரும் தொடக்கூடாதுன்னு. அதுக்கப்புறம் நான் அவரைப் பாக்கவே இல்ல. ஒன்பதரைக்கே டவுனுக்குப் போயிட்டேன். இப்பதான் வர்றேன்."

மணி பத்து நாற்பது.

"நாடி விழுந்துக்கிட்டே இருக்கு சார்."

"இன்ஸ்பெக்டரம்மா, போன வருஷம் நீங்க ஃபெயில். ஞாபகம் இருக்கா? இப்ப தேர்வை நிறுத்துனா, அது பொய்யா இருந்தா, இந்த ஜென்மத்துல உங்களுக்குச் சான்றிதழ் கிடையாது."

விதி அப்படித்தான். வாக்கி டாக்கியில் 'இது நிஜம்' என்று மூன்று முறை சொன்னால் தேர்வு அந்த நிமிஷமே நிற்கும். தவறாகச் சொன்னவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். டெஸ்பினா மூன்று வருஷமாக இதற்காகவே லீவைச் சேர்த்தவள். லெபனான் எல்லையில் ஒரு வேலை, இந்த ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தது.

உண்மையாகவே பயந்தாள்.

வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"வைங்க கீழ," என்றார் ரிஸ்டோ. இப்போது சிரிப்பு இல்லை.

"மாட்டேன்."

"நான் உத்தரவு போடுறேன்."

"போட்டுக்கிட்டே இருங்க. இது நிஜம். இது நிஜம். இது நிஜம்."

கட்டடமே வெலவெலத்துப்போனது.

பதினோரு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர் தலையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டிருந்தா, என்னைக் கூப்பிடாம பாதிரியாரைக் கூப்பிட்டிருக்கலாம். பிழைச்சுக்குவார்."

அட்டையை வெட்டி எறிந்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். டெஸ்பினா கீழே கிடந்த அட்டையை ஓரத்தில் பிடித்துப் பொறுக்கினாள். புரட்டினாள்.

அவள் முகம் மாறியது.

ரிஸ்டோ பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, நீ பிடிவாதமா நின்ன. யாரு இந்தப் பாவத்தைப் பண்ணாங்களோ..."

"நேத்து ராத்திரி சாப்பாட்டுல பேராசிரியர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா சார்?"

"என்ன?"

"இங்க படிச்ச ரெண்டு பேர் கண்ணிவெடில கால் வச்சுச் செத்துட்டாங்க. ரெண்டு பேரையும் நான் ஃபெயில் பண்ணேன், யாரோ பாஸ்னு மாத்தி அனுப்பிட்டாங்க, அது யாருன்னு நாளைக்கு மத்தியானம் சொல்றேன்னாரு. இன்னிக்கு மத்தியானம்."

"அதுக்கு?"

"அந்த ரெண்டு பேர் வீட்டுலயும் இன்னிக்கும் அழுதுக்கிட்டுதான் இருப்பாங்க. அதனால நான் விடமாட்டேன் சார்."

"நான் டவுன்ல இருந்தேன்னு சொன்னேனே. பூரெக் கடைக்காரனைக் கேளு."

"கேக்க வேண்டாம். எங்களுக்கு முதல் நாள் நீங்க நடத்துன பாடமே போதும். அட்டையை மாட்டுறவர் பின்பக்கம் நேரம் எழுதணும், பக்கத்துல கையெழுத்து போடணும். இல்லைன்னா அட்டை செல்லாது. எத்தனை தடவை திட்டியிருக்கீங்க எங்களை."

அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

பத்து மணி ஐந்து நிமிஷம். பக்கத்தில் வளைந்து நெளிந்த ஒரு கையெழுத்து... ரிஸ்டோவுடையது!

இருபது வருஷப் பழக்கம். பேராசிரியர் தலையில் அடித்த அதே கை, அட்டையை மாட்டும்போது யோசிக்காமல் தன் கடமையைச் செய்துவிட்டிருந்தது.

பூரெக் கீழே விழுந்தது. ரிஸ்டோ வாசலைப் பார்த்தார். அங்கே அர்தியான் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றிருந்தான்.

"உட்காருங்க சார். பேச்சுவார்த்தைக்கு இங்க பன்னிரண்டு பேர் இருக்கோம்," என்றான்.

ரிஸ்டோ டெஸ்பினாவை முறைத்தார். "ஒன்னு மட்டும் நிச்சயம்டி. உன் சான்றிதழ்ல என் கையெழுத்து விழாது."

டெஸ்பினா மஞ்சள் அட்டையைப் பத்திரமாக உறையில் போட்டு மூடினாள்.

"பரவாயில்ல சார்... எனக்கு இந்தக் கையெழுத்தே போதும்."