செல்லக்கனி வீட்டுத் தண்ணீர்

மண்டைக்காட்டு அம்மன் சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் நாக்கு புண்ணாகட்டும்.

மணவாளக்குறிச்சி தாண்டிக் கடலோரத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு. அதன் கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் நிலையத்துக்கு ஒரே ஆள், நாராயணபெருமாள். தொட்டிக்குள் காற்று ஊதும் மோட்டாரின் உறுமலும் கடல் இரைச்சலும்தான் அவருக்குப் பேச்சுத்துணை. டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு உடனே வேறு சோலி வந்துவிடும்.

எந்த வீட்டுத் தண்ணீர் என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவார். கருவாடு கழுவியது அபிதா வீடு. டெட்டால் என்றால் வாத்தியார் வீடு. மரச்சீனிக் கிழங்கு அவித்து வடித்தது என்றால் தெருக்கோடி செல்லக்கனி. அவள் வீட்டுப் பின்புறக் குழியின் மூடியை அவர் திறக்கும்போதெல்லாம் அடுக்களை ஜன்னலிலிருந்து, "கஞ்சி குடிச்சியா மக்கா?" என்று கேட்பாள். அப்படிக் கேட்க ஊரில் வேறு ஆளில்லை.

ஆடியில் அவள் செத்துப்போனாள். வீடு பூட்டிக் கிடந்தது.

மரச்சீனித் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"ஏலே நாராயணா, செல்லக்கனி வீட்டுக் குழாயை இண்ணைக்கே அடச்சிரு. அது வழியா மண்ணு எறங்கி மோட்டாரு நாசமாவுது," என்றான் மேற்பார்வை பார்க்கும் சுந்தரராஜ்.

"அதுல தண்ணி வருது மக்கா."

"செத்தவ குளிக்காளோ? சாயங்காலத்துக்குள்ள அடைக்கல்லண்ணா நாளைக்கு வேற ஆளு வருவான், பாத்துக்கோ."

அந்தச் சம்பளம் போனால் நாராயணபெருமாள் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்கும். சிமெண்டைக் குழைத்துக்கொண்டு போனார்.

உச்சி வெயில். தென்னைகளின் நிழல் அதனதன் காலடியில் சுருண்டு கிடந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மூடியைப் புரட்டினார். குழி அன்று மட்டும் காய்ந்திருந்தது.

குழாயின் ஆழத்தில் எதுவோ களுக்கென்றது.

விரலில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பட்டது.

மரச்சீனி.

"கஞ்சி குடிச்சியா மக்கா?"

ஜன்னலிலிருந்து அல்ல. குழாய்க்குள்ளிருந்து, மறுமுனையில் வாய் வைத்துக் கேட்பதுபோல.

"குடிக்கல்லேக்கா," என்று முணுமுணுத்தார். இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் சிமெண்டை அள்ளிக் குழாய் வாயில் அப்பினார்.

உள்ளிருந்து ஏதோ மெதுவாகத் திருப்பி அழுத்தியது.

மறுநாள் உச்சிக்கு மனசு கேட்காமல் போய்த் திறந்து பார்த்தார். சிமெண்ட் கல்லாக இறுகியிருந்தது. அதில் உள்ளிருந்து வெளியே தள்ளிய ஒரு கை, ஐந்து விரலும் புடைத்து நின்றது.

விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

"நேத்து குடிக்கல்லண்ணு சொன்னியே மக்கா, இண்ணைக்குக் குடிச்சியா?"

நாராயணபெருமாள் உளியை எடுத்தார். அந்தக் கையில் படாமல், சுற்றிவரக் கொத்திச் சிமெண்டைப் பெயர்த்தார்.

சாயங்காலமே சுந்தரராஜ் வேறு ஆளைப் போட்டான். புதியவனும் இரண்டு தடவை அடைத்துப் பார்த்துவிட்டான், தண்ணீர் நிற்கவில்லை. நாராயணபெருமாள் இப்போதும் உச்சிவேளைக்குப் போய், மரச்சீனி மணம் வரும்வரை குழியோரம் உட்கார்ந்திருக்கிறார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கொரோனா காய்ச்சலில் அவருக்கு மூக்கு அடியோடு செத்துப்போனது. அந்த வேலைக்கு அவரைப் பிடித்துப் போட்டதே அதனால்தான், இன்றுவரை மல்லிகைக்கும் மலத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. அப்புறம் வீட்டுக்கு வீடு மணம் எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், என் நாக்கு இன்னும் புண்ணாகவில்லை.