இரண்டு தலை, ஒரு பூட்டு

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். செவ்வாய்க் கோளில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன். முடியும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது.

அந்த ஊரில் காலையில் பல் துலக்கியதும் தலையைத் துடைப்பார்கள். வெளியே அல்ல, உள்ளே. தலைக்குள் பொருத்திய நினைவுச் சில்லில் முந்தின நாள் குப்பை சேர்ந்திருக்கும் அல்லவா?

குயிலியின் சில்லில் ஓடியது ‘அல்லி’ இயங்குதளம்; அவள் புருஷன் இளம்பரிதிக்கு ‘வேங்கை’. அல்லி எழுதியதை வேங்கைக்குப் படிக்கத் தெரியாது. இதுவரை அது குறையாகத் தெரியவில்லை, வாய் இருந்ததே! இப்போது அவன் சனிக்கோளுக்குப் பனிக்கட்டி அள்ளப் புறப்படுகிறான். திரும்ப மூன்று வருஷமாகும். அவளுக்கோ நிறைமாதம். பிள்ளையின் முதல் சிரிப்பை அவன் பார்க்க வேண்டுமென்றால், இரு தலைக்கும் பொதுவாக ஒரு நினைவுப்பெட்டி வேண்டும். கப்பல் கிளம்பிவிட்டால் அதை அமைக்க முடியாது.

அமைக்க வந்த இயந்திரன் இருவர் காதிலும் கம்பியைச் செருகியது.

“பெட்டி தயார். பூட்ட வேண்டும். கடவுச்சொல் என்றால் திருடிவிடுவார்கள், அதனால் கடவுநினைவு கொடுங்கள். இரண்டு தலையிலும் அது அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டும்.”

“இதென்ன பிரமாதம்? நாம முதல்ல பார்த்த நாள்! நீ பச்சைப் புடவை கட்டியிருந்த” என்றான் இளம்பரிதி.

“எங்கிட்ட பச்சைப் புடவையே கிடையாதுங்க. யாரைப் பார்த்தீங்க?”

“பொருந்தவில்லை” என்றது இயந்திரன்.

தாலி கட்டிய நேரத்தைக் கொடுத்தார்கள். அவள் தலையில் அவன் முகம் இருந்தது. அவன் தலையில் முடிச்சு மட்டும். தேனிலவைக் கொடுத்தார்கள். அவளிடம் இரண்டு நிலாக்கள், அவனிடம் முதுகுவலி.

கப்பலின் சங்கு ஊதியது. குயிலி விசும்பினாள்.

“அழாத குயிலி. எங்க வீட்ல யாரும் இதுக்கெல்லாம் அழமாட்டாங்க.”

“அவங்க ஏன் அழப்போறாங்க? பாயசம் வரலைன்னு நம்ம கல்யாணப் பந்தியில இலையை மடிச்சுட்டுல்ல எழுந்து போனாங்க!”

“அதை ஏன்டி இப்ப இழுக்கிற? எங்க பெரியப்பாவுக்கு ஊத்தாம உங்க சித்தப்பாவுக்கு ரெண்டாந்தரம் ஊத்தினது யாரு?”

இயந்திரனின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது.

“பொருந்திவிட்டது. பெரியப்பாவின் மூக்கு நுனி வேர்வை உட்பட.”

பெட்டி பூட்டிக்கொண்டது. கப்பலும் போயிற்று. மூன்று வருஷமும், மகளின் சிரிப்பைப் பார்க்கும் முன் ஒவ்வொரு தடவையும் அவன் அந்தப் பாயசத்துக்காகக் கோபப்பட்டே ஆகவேண்டியிருந்தது.

நம் தலையில் சில்லு இல்லைதான். ஆனாலும் உள்ளே எது பிசகாமல் பதிந்திருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள், செல்லங்களா. உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கடைசிப் பந்திவரை பாயசம் தீராதிருக்கட்டும்.