பெர்கமோ – பக்கவ்: இரண்டு மணி ஐந்து நிமிடம்

ஜன்னல் வழியே அக்லாயாவின் முழங்காலில் விழுந்த வெயில் வெகுநேரமாக நகரவில்லை.

பெர்கமோவிலிருந்து சொந்த ஊரான பக்கவ்வுக்கு ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர். இரண்டு மணி ஐந்து நிமிடம். இத்தாலியில் படுக்கையில் கிடக்கும் கிழவர்களுக்கு மலத்துணி மாற்றிய ஒன்பது வருடமும் அவள் கைக்கடிகாரம் ஊர் நேரத்தையே காட்டியது. இப்போது ஐந்தரை. நாலேகாலுக்கே இறங்கியிருக்க வேண்டும்.

"கடிகாரத்த மொறைச்சா விமானம் வெரசாப் போவுமாக்கா?" பக்கத்து இருக்கைக்காரன் கேட்டான். கோஸ்தெல் என்று பெயர், பூச்சுவேலைக்காரன்.

"எங்கண்ணன் சாகக் கிடக்கான்டா."

சிரிப்பு நின்றது. "கையில மெழுகுவத்தி பிடிக்க ஆளு இருக்கா?"

"நான்தான். வேற எவளும் பிடிக்கக் கூடாதுன்னு கதவப் பூட்டிட்டுப் படுத்திருக்கான், கழுத. மூணு மாசமா எந்திரிக்கவே செரமப்படுறான், வீம்புக்கு மட்டும் கொறச்சலில்ல."

கோஸ்தெல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். கையில் சுடர் இல்லாமல் உயிர் போனால் செத்தவர் போகும் அந்தப் பக்கம் முழுக்க இருட்டு. அலைய வேண்டியதுதான். அவர்கள் ஊரில் எதிரிக்குக்கூட அந்தச் சாவை நினைக்க மாட்டார்கள்.

இரண்டு இரவாக அவள் தூங்கவில்லை. எஞ்சினின் இரைச்சல் பல்லுக்குள்ளும் எலும்புக்குள்ளும் இறங்கி, யாரோ பிரித்த பூண்டுத் தொத்திறைச்சியின் வாசனையும் ஈரக் காலுறைகளின் நாற்றமும் கலந்து, கண்ணிமை மேல் ஈயம்போல் உட்கார்ந்திருந்தது. அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பிறகு இல்லை. யாரும் தலை நிமிரவில்லை.

முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார்.

சக்கரம் தரையைத் தொட்டால் அந்த ஊர்க்காரர்கள் கைதட்டுவார்கள். ஆனால் விமானம் குலுங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மேகம். எல்லோரும் தட்டினார்கள். கோஸ்தெலும்.

"டேய், இன்னும் எறங்கலடா."

"வந்தாச்சுக்கா."

கண் சிமிட்டாமல் சொன்னான்.

பைகளை எடுத்தார்கள். கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. வரிசை வரிசையாகப் போனார்கள். கோஸ்தெல் போனான். வாசலைத் தாண்டினான். காலடிச் சத்தம் இல்லை. அலறலும் இல்லை.

உட்கார்ந்தே இருக்கலாம். ஆனால் அண்ணன் காத்திருப்பான்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வாசலில் படிக்கட்டு இல்லை. மேகம் மட்டும். அதில், அவள் உயரத்துக்கு, அண்ணன் தொவாதர் நின்றிருந்தான். படுக்கைச் சட்டை. வெறுங்கால். காலடியில் ஒன்றுமில்லை.

"கதவத் தட்டுனாங்க, தங்கச்சி. நீதான் வருவன்னு தெறக்காமலே கிடந்தேன்." மூச்சு விடாமல் பேசினான். "திடீர்னு இருட்டாயிருச்சு. வழி தெரியல. அதான் உன்னத் தேடி இங்கயே வந்துட்டேன்."

கை நீட்டினான். பைக்கு என்று நினைத்தாள்.

அவன் பையைத் தொடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

முதுகுக்குப் பின்னால், மீதமிருந்தவர்கள் கைதட்டிக்கொண்டே நெருங்கினார்கள்.