நீலக்கல் தீவில் மூன்று ஆசிரியர்கள்

படகு கரை தட்டியதும் முதலில் குதித்தவர் ஜெபசீலி டீச்சர்தான். எதிரே கறுத்த பாறைகள். அவற்றின் நடுவே வாயைப் பிளந்துகொண்டு ஒரு குகை! உண்மையில் அவர் நின்றிருந்தது உடன்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் கணினி அறையில். முகத்தில் மாட்டியிருந்த மெய்நிகர் (வி.ஆர்.) கண்ணாடி அதை அடியோடு மறக்கடித்திருந்தது.

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கோவில்பட்டி கணக்கு வாத்தியார் மாரிச்செல்வம். மற்றவர் மேலப்பாளையத்துத் தமிழாசிரியை நஸ்ரின் பானு. அவர்களும் அவரவர் பள்ளியில் இருந்தபடியே கண்ணாடி மாட்டி வந்திருந்தார்கள். மூவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. மெய்நிகர் உலகங்களில் பாடம் நடத்த முடியுமா என்று சோதித்துப் பார்ப்பதற்காக நடந்த பயிற்சியில் ஒரே குழுவில் விழுந்தவர்கள்.

பயிற்சியின் கடைசிச் சவால் இந்தத் தீவு. குகைக்குள் இருக்கும் நீலக்கல்லை மூவரும் ஒருசேரத் தொட வேண்டும். தொட்டால் தீவு ஓராண்டுக்கு அவர்களுடைய மாணவர்களுக்குச் சொந்தம். அதற்குள் கடல் ஏறி யாராவது ஒருவர் மூழ்கினாலும் கதை முடிந்தது.

ஜெபசீலிக்கு அந்தத் தீவு வேண்டியிருந்தது. புவியியல் வகுப்பில் சுண்ணாம்புக் குகையைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறார். ஒரு குகைக்குள்ளும் கால் வைத்ததில்லை. அவர் பிள்ளைகளும் அப்படித்தான் படித்து, எழுதி, மறந்துகொண்டிருந்தார்கள்.

படகில் இருந்த கயிறு, கை விளக்கு, வரைபடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வரைபடம் காட்டிய வழியில் குகைக்குள் நடந்தார்கள். கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்கின. ஜெபசீலி ஒவ்வொன்றின் அடியிலும் நின்று அண்ணாந்து பார்த்தார். நேரமாகிறது என்று மாரிச்செல்வம் விரட்டிக்கொண்டே போனார். பாதை சரிந்து இறங்கி ஓர் அகலமான கூடத்தில் முடிந்தது. அங்கே நீலக்கல்லும் இல்லை, மேற்கொண்டு வழியும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா அது நடக்க வேண்டும்! பேசிக்கொண்டிருந்த நஸ்ரினின் குரல் பாதியில் அறுந்தது. தூக்கிய காலோடு அவருடைய உருவம் சிலையாகிவிட்டது. மாரிச்செல்வம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவருக்குப் போன் போட்டார். மேலப்பாளையத்தில் கரண்ட் போய்விட்டதாம். செல்போன் இணைப்பை வைத்துத் திரும்பி வர முயல்கிறாராம்.

அதற்குள் கடல் உள்ளே நுழைந்துவிட்டது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, முழங்காலுக்கு ஏறியது.

"நாம முன்னால போய்க் கல்லைத் தேடுவோம் டீச்சர். அவங்க வந்ததும் ஓடி வந்து சேந்துக்கிடட்டும்" என்றார் மாரிச்செல்வம்.

"அவங்க வரும்போது தலைக்கு மேல தண்ணி நிக்கும் சார். விட்டுட்டுப் போக வேண்டாம்."

சொல்லிவிட்டாரே தவிர, என்ன செய்வதென்று ஜெபசீலிக்கும் தெரியவில்லை. கை விளக்கைச் சுவர் முழுக்க ஓட்டினார். பாறையின் கீழ்ப்பகுதி பச்சையாக வழவழத்தது. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் பாசியே இல்லை. பாறை வெளுத்துக் காய்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் ஓர் எல்லை. கடற்கரைப் பாறைகளைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது அவரே சொல்வதுதான்! அந்தக் கோட்டுக்கு மேல் கடல் ஏறாது.

"கயிறை எடுங்க சார். இவங்களை மேல ஏத்தணும்!"

மாரிச்செல்வம் பாறை இடுக்குகளில் கால் வைத்துத் தொற்றி ஏறினார். வெளுத்த பகுதியில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. ஜெபசீலி சிலையாக நின்ற நஸ்ரினின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கீழிருந்து தள்ள, மாரிச்செல்வம் மேலிருந்து இழுத்தார். ஒருமுறை பிடி நழுவி, நஸ்ரின் தொப்பென்று தண்ணீரிலேயே விழுந்தார். மறுபடி கட்டினார்கள், மறுபடி இழுத்தார்கள். தண்ணீர் கழுத்தைத் தொடும்போது ஜெபசீலியும் விளிம்பைப் பற்றி ஏறிப் புரண்டு விழுந்தார்.

கடல் பாசிக் கோடு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

சற்று நேரத்தில் நஸ்ரினின் தூக்கிய கால் தரையில் பதிந்தது. "எங்க இருக்கேன்? நல்லா நடந்துக்கிட்டுல்லா இருந்தேன்!" என்றவர், திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், பின்னால வெளிச்சம் தெரியுது."

விளிம்புக்குப் பின்னால் ஒரு பிளவு இருந்தது. கூடத்தின் தரையில் நின்றவர்கள் கண்ணுக்கு அது படவே படாது. மூவரும் தவழ்ந்து உள்ளே போனார்கள். சிறிய அறை. அதன் நடுவில், நிலா வெளிச்சத்தைக் குழைத்துச் செய்ததுபோல் நீலக்கல்! மூன்று கைகள் ஒன்றாக அதன்மேல் பதிந்தன. குகை முழுவதும் ஒளி பாய்ந்தது. உடன்குடியில் கண்ணாடியைக் கழற்றிய ஜெபசீலியின் புடவை வியர்வையில் நனைந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

மறுவாரம் மூவரும் போனில் கூடிப் பாடத் திட்டம் போட்டார்கள். பிள்ளைகள் தடுமாறாமலிருக்க வழியெல்லாம் அம்புக்குறிப் பலகை வைத்துவிடலாம் என்றார் மாரிச்செல்வம். நஸ்ரினும் அதை ஒத்துக்கொண்டார். ஜெபசீலி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாம் சார். வழி தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னப்பதான் நான் அந்தச் சுவரையே பாத்தேன். பிள்ளைங்களும் கொஞ்சம் முழிக்கட்டும். நாம கூடவே இருப்போம்."

அடுத்த திங்கட்கிழமை மூன்று ஊர்ப் பிள்ளைகளும் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரே படகில் தீவில் வந்து இறங்கினார்கள். கரையில் ஒரே இரைச்சல். "டீச்சர், எந்தப் பக்கம் போகணும்?" என்று ஒரு மாணவி ஓடி வந்து கேட்டாள். பதில் ஜெபசீலியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, அவள் கையில் விளக்கைக் கொடுத்துவிட்டு, அவள் பின்னால் நடந்தார்.