ஏழாம் வளைவில் ரோடு இல்லை

அக்கா வேலையிலிருந்து வீட்டுக்கு வந்த நேரத்தில் முப்பத்தெட்டு வினாடி குறைந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவன் கவனித்தான், ஏனென்றால் அந்த வினாடிகளை எண்ணுவதுதான் ஆறு வாரமாக அவனுக்கு இருந்த ஒரே வேலை. வந்திருந்த வெளிநாட்டில் வேலை அனுமதிக் கடிதம் வரவில்லை, ஓட்டுநர் உரிமம் வரவில்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் கணினியை வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வருடப் பழைய கார் பந்தய விளையாட்டு ஒன்றுக்கு டிராக் செய்துகொண்டிருந்தான். அக்கா வீடு இருந்த ஊரைச் சுற்றி ஓடும் ரோட்டில்தான் அறுபது வருடத்துக்கு முன்பு நிஜமான பந்தயம் நடந்தது. அந்த டிராக்கை அப்படியே, மேடு பள்ளத்தோடு, விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மேடு பள்ளம் அளக்க அவனிடம் கார் இல்லை. அதனால் தினமும் அதே ரோட்டில் ஓட்டிப் போய் வரும் அக்காவின் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தான். வண்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று வினாடிக்கு ஒருமுறை அது குறித்து அனுப்பும்.

திங்கட்கிழமைக் கோட்டைத் திரையில் விரித்தான். ஆறாம் வளைவு வரை சரியாக இருந்தது. ஏழாம் வளைவில் கோடு ரோட்டை விட்டு விலகி, கல்குவாரியின் மேலேயே போயிருந்தது.

பழைய டிராக்கின் ஏழாம் வளைவு இப்போது கிடையாது. குவாரிக்காரர்கள் அதை என்றைக்கோ வெட்டி எடுத்துவிட்டார்கள். அங்கே இருப்பது தண்ணீர் நிறைந்த குழி, சுற்றிலும் கம்பி வேலி. இன்றைய ரோடு வேலியைச் சுற்றிக்கொண்டு போகிறது.

அடுக்களையில் குக்கர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னிக்கு எந்த வழியா வந்த?"

"எந்த வழியா வருவாங்க? ஹெலிகாப்டர்லயா? இருக்கிறது ஒரு ரோடு."

"குவாரி பக்கம் ஏதாவது மாத்தி விட்டிருக்காங்களா?"

"டேய், அந்த பொம்மை கார் விட்டது போதும், பாப்பாவுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் குடு."

போன் சிக்னல் கோளாறு என்று விட்டுவிட்டான். செவ்வாய்க்கிழமையும் முப்பத்தெட்டு வினாடி குறைந்தது.

அவனுக்கு முதலில் ஸ்பேனர் மேல்தான் சந்தேகம் வந்தது. ஸ்பேனர் என்பது பட்டப்பெயர், வேறொரு ஊரில் கார் ஷெட்டில் வேலை பார்ப்பவன். நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். டிராக் ஃபைல்கள் இரண்டு பேருக்கும் பொது. கூப்பிட்டுக் கேட்டான்.

"உங்க அக்கா ஃபைலைத் தொட எனக்கு என்னடா தலையெழுத்து?" என்றான் ஸ்பேனர். பின்னால் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. "அனுப்பு, பாக்கறேன்."

பார்த்தான். இரும்புச் சத்தம் நின்றது.

"கோளாறுன்னா கோடு நேரா வெட்டிக்கிட்டு போகும். இது வளையுதுடா. வெளியிலிருந்து உள்ள வந்து, ஓரத்தை ஒட்டித் திரும்பி, மறுபடி அகலமா விரிஞ்சு போகுது. உங்க அக்கா ரேஸ் எல்லாம் ஓட்டுவாங்களா?"

"அவ ரிவர்ஸ் எடுக்கவே கூட ஆள் கேப்பா."

"உயரத்தைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்த்தான். வளைவின் நடுவில் கோடு ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கியிருந்தது. ஒரு மீட்டர் இருபது.

அவன் கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல், மேல் வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கும் ஓசை, ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனியின் சில்லிப்பு, எல்லாம் ஒரே சமயத்தில் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது மாதிரி இருந்தது. அந்த மேடு எந்தப் படத்திலும் இல்லை. எந்த வரைபடத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழாம் வளைவைக் கட்டி முடித்தபோது, ரோடு பார்க்கத் தட்டையாக இருக்கிறதே என்று அவனாகவே தூக்கி வைத்தது. ஒரு மீட்டர் இருபது. ஸ்பேனரிடம்கூடச் சொல்லவில்லை.

"லைன்ல இருக்கியா?" என்றான் ஸ்பேனர்.

"இருக்கேன்."

"உங்க அக்கா உன்னை ஓட்டறாங்கடா. ஃபைலை அவங்களே திறந்து ஏதோ பண்ணியிருக்காங்க."

அப்படியும் இருக்கலாம். இருந்தால் எவ்வளவோ நல்லது. அன்று சாப்பிடும்போது அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது மறைக்கிறாளா? சிரிப்பை அடக்குகிறாளா? அவள் பாப்பாவின் தட்டில் இருந்து கறிவேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா முறைக்கிற?"

"ஒண்ணுமில்ல."

"என்னங்க, உங்க மாப்பிள்ளைக்கு மந்திரிக்கணும்" என்பது போல அவள் மாமாவைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினாள். மாமா சிரித்தார்.

புதன்கிழமை அவளோடு வண்டியில் போனான். ஆறாம் வளைவு தாண்டியதும் வேலி வந்தது, வேலியைச் சுற்றிக்கொண்டு ரோடு வந்தது, அக்கா சுற்றிக்கொண்டு போனாள். கோடு சரியாக விழுந்தது. ஒரு வினாடியும் குறையவில்லை. வெட்கமாக இருந்தது. இறங்கும்போது பார்த்தான், முன்பக்க நம்பர் பிளேட்டின் இடுக்கில் என்னவோ செருகியிருந்தது. இழுத்தான்.

வைக்கோல்.

"அது எங்கேயோ ஒட்டிக்கிச்சுடா, நேத்தே பாத்தேன்" என்றாள் அக்கா.

பழைய பந்தயங்களில் வண்டி மோதினால் தாங்கட்டும் என்று வளைவின் ஓரத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்குவார்கள். ஏழாம் வளைவில் அவன் நாற்பது கட்டு அடுக்கியிருந்தான். அந்த ரோட்டில் வயல் கிடையாது. மாடு கிடையாது. ஒன்பது கிலோமீட்டரும் கிடங்குகளும் அடுக்குமாடி வீடுகளும்தான்.

வைக்கோலை மோந்து பார்த்தான். பெட்ரோல் வாசனை அடித்தது.

யாரிடம் சொல்வது? சொன்னால் மாமா என்ன நினைப்பார்? வேலை இல்லாமல் வீட்டிலேயே கிடந்து மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பார். நல்ல மனிதர், வாயால் சொல்ல மாட்டார்.

வியாழக்கிழமை மதியம் முடிவு செய்தான். ஏழாம் வளைவை அழித்துவிட வேண்டும். அவன் அதைக் கட்டிய பிறகுதான் இது தொடங்கியது. அது இல்லாவிட்டால் அக்காவுக்குப் பழையபடி ஒரே ரோடு. டிராக் பாதியில் நின்றால் நிற்கட்டும். மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. அக்கா மூன்றரைக்குத்தான் கிளம்புவாள். அதற்குள் முடித்துவிடலாம்.

வெளியே பனி எதிர்க் கட்டடத்தை மறைத்திருந்தது. கணினியின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. வளைவைத் தேர்ந்தெடுத்தான். ரோடு, மேடு, வைக்கோல், மண் எல்லாம் மஞ்சளாக மின்னின. அழி என்று கொடுத்தான்.

அந்தப் பழைய மென்பொருள் ஒருமுறை அழித்தால் திருப்பித் தராது. கேட்கவும் கேட்காது. ஏழாம் வளைவு இருந்த இடம் கறுப்பாகியது.

மூச்சு விட்டான்.

போன் அதிர்ந்தது. மாமா.

"மாப்ள, பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லருந்து கூப்பிட்டாங்க. அக்கா அப்பவே கிளம்பி, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துக்கிட்டிருக்கா. கொஞ்சம் கஞ்சி போட்டு வை."

"எப்ப கிளம்பினா?"

"அரை மணி நேரம் ஆயிருக்கும்."

செயலியைத் திறந்தான். நீலப் புள்ளி.

ஏழாம் வளைவில்.

நிற்கிறது. இல்லை, இடம்தான் நிற்கிறது. உயரம் மாறுகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். இருநூற்று மூன்று. நூற்றுத் தொண்ணூற்று நாலு.

குழியின் தண்ணீர் நூற்று எழுபதில். அங்கே நிற்க வேண்டும். ஐயோ, அங்கேயாவது நிற்க வேண்டும்.

நூற்று அறுபத்தேழு. நூற்று ஐம்பத்தெட்டு.

அந்த விளையாட்டில் தரை இல்லாத இடத்துக்கு வண்டி வந்தால் மோதாது. நொறுங்காது. விழும். விழுந்துகொண்டே இருக்கும். அடிமட்டம் என்று ஒன்றை அந்த நிரலில் யாரும் எழுதி வைக்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா. எங்க இருக்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்டா. பாப்பா தூங்கிட்டா. ரோடு இன்னிக்கு என்னமா இருக்கு தெரியுமா, ஒரு குலுக்கல் இல்ல."

"வெளிய என்ன தெரியுது?"

"பனிதான்." சீட் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. "இல்ல. பனி மேல இருக்கு."

ரோட்டைத் திரும்பக் கட்டினான். மண் போட்டான். மேட்டைக்கூட வைத்தான். ஒரு மீட்டர் இருபது. எல்லாம் இருநூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது. புள்ளி கீழே. வினாடிக்கு ஒன்பது மீட்டர். கூடவில்லை. குறையவில்லை. மைனஸ் நானூறு. மைனஸ் ஆயிரம். குவாரிக்கு ஆள் அனுப்பச் சொல்லிப் போலீசுக்கு அடித்தான். போனார்கள். வேலி உடையவில்லை, தண்ணீர் கலங்கவில்லை என்றார்கள்.

ஐந்து மணிக்கு மாமா வந்தார். கதவு, சாவி, செருப்பு. மேஜை மேல் ஸ்பீக்கரில் போன். பாப்பா விழித்துக்கொண்டு தண்ணீர் கேட்டது. அக்கா, "இதோ வீடு வந்துடுச்சு, கண்ணு" என்றாள். உயரம் மைனஸ் அறுபத்து நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது.

மாமா திரையைப் பார்க்கவில்லை. குனிந்து போனில் சொன்னார்.

"பனியா இருக்கு, அவசரமில்ல. மெதுவாவே ஓட்டிட்டு வா."

"நான் எங்கங்க ஓட்டறேன்" என்றாள் அக்கா. "வண்டிய ஆஃப் பண்ணி ரெண்டு மணி நேரமாச்சு."